சனிக்கிழமை திறக்கும் பெட்டி

பெட்டியைச் சனிக்கிழமை மாலை நான்கு மணிக்குத்தான் திறப்பார்கள். பச்சை வண்ணம் அடித்த தகரப் பெட்டி. குடியிருப்போர் சங்கத்தின் ஒற்றை அறைக்கு வெளியே தூணில் மாட்டியிருந்தது. மேலே சீட்டுப் போட ஒரு வாய், கீழே சின்னப் பூட்டு. சாவி செயலாளரிடம்.

அன்றும் சரியாக நான்கு மணிக்குச் செயலாளர் பூட்டைத் திறந்து, உள்ளே கிடந்த சீட்டுகளை ஒரு தட்டில் கொட்டிக்கொண்டு வந்து மேஜைமேல் வைத்தார். எதிரே துணைத்தலைவர் உட்கார்ந்திருந்தார். முப்பது வருடம் மருந்துக்கடை நடத்தியவர். கடையை மகனிடம் விட்டு நாலு வருடம் ஆகியும் எல்லோருக்கும் அவர் மருந்துக்கடைக்காரர்தான்.

"இந்த வாரம் எத்தனை சார்?"

"ஒன்பது."

"பரவாயில்லை. தெரு உயிரோடதான் இருக்கு."

செயலாளர் சிரிக்கவில்லை. நில அளவை அலுவலகத்தில் முப்பத்து நான்கு வருடம் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். முதல் வரியில் எண்ணும் விஷயமும் இருந்தால் போதும், அதை வைத்துத் தாள்களைப் பிரித்துவிடலாம், நடவடிக்கையும் எடுத்துவிடலாம், முழுவதையும் படித்துப் பதிவேட்டில் ஏற்றுவது பிறகு ஆகட்டும் என்பது அங்கே பழகிய பழக்கம். அதே முறையைத்தான், வீட்டு எண்ணை முன்னால் போட்டு, பெட்டிக்கும் வைத்திருந்தார்.

"பன்னிரண்டு, காய்ந்த இலை. ஐந்து, தண்ணீர்த் தொட்டி வழிதல். இருபத்திரண்டு, நாய்."

"குரைக்குதாமா?"

"இல்லை. சுவர்மேல ஏறி நின்னு முறைக்குதாம்."

"நல்லவேளை, அதுக்கு எழுதத் தெரியாது. தெரிஞ்சா நம்மளைப் பத்தித் தினம் ஒரு சீட்டுப் போடும்."

செயலாளர் அடுத்த தாளை எடுத்தார். முதல் வரியைப் படித்ததும் அவர் குரல் கொஞ்சம் இறங்கியது.

"பதினேழு, பின்வீடு, தையல் மிஷின் சத்தம்."

அதற்கடுத்த தாளும் அதே எண். "பதினேழு, பின்வீடு, சத்தம்."

மருந்துக்கடைக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஏற்கெனவே ரெண்டு வந்திருக்குல்ல?"

"ஆமா. இதோட நாலு."

மூன்று போதும். சங்கத்தின் விதி அது. முதல் இரண்டு சீட்டுக்கும் எச்சரிக்கை நோட்டீஸ் மட்டும் போகும். ஒரே வீட்டைப் பற்றி ஒரே விஷயத்துக்கு மூன்று சீட்டு வந்துவிட்டால், அந்த வேலையை நிறுத்தச் சொல்லிக் கடிதம் போகும். பதினேழாம் எண் வீட்டின் சொந்தக்காரர்கள் வேறு நகரத்தில் மகனோடு இருந்தார்கள். முன்வீடு பூட்டிக் கிடந்தது. பின்னால் ஒற்றை அறையில் வீட்டைப் பார்த்துக்கொண்டு, பள்ளிச் சீருடை தைத்துப் பிழைத்துக்கொண்டு ஒரு பெண் இருந்தாள். ஐம்பது வயது இருக்கும். தையலம்மா என்பார்கள். மிஷின் நின்றால் அவளுக்கு அங்கே வேலையும் இல்லை, இருக்க இடமும் இல்லை. சங்கத்தின் கடிதம் வந்தால் காலி செய்யச் சொல்லிவிடுவதாகச் சொந்தக்காரர் முன்பே எழுதிக் கொடுத்திருந்தார்.

"பாவம் சார் அந்தம்மா," என்றார் மருந்துக்கடைக்காரர். "ஒரு வார்த்தை நேர்ல பேசிப் பார்க்கலாமே?"

செயலாளர் வாசலுக்கு வெளியே கையைக் காட்டினார். பெட்டிக்கு மேலே அவரே அழகாக எழுதிவைத்த மூன்று வரிகள் இருந்தன. பெயர் வேண்டாம். தேதி வேண்டும். நேரில் போய்ப் பேச வேண்டாம்.

"நேர்ல பேசிப் பேசித்தான அந்தக் காலத்துல மண்டை உடைஞ்சுது?"

அது உண்மைதான். முப்பது வருடத்துக்கு முன்னால் இது புதர் மண்டிய மேடு. நகரத்திலிருந்து வரும் கடைசிப் பேருந்து ஒரு மைல் தள்ளியே நின்றுவிடும். நாற்பது மனை பிரித்ததில் முதலில் வீடு கட்டியது பதினோரு குடும்பம். எல்லோருக்கும் ஒரே அடிகுழாய். தண்ணீருக்கு நிற்கிறபோது யார் வீட்டில் காய்ச்சல், யார் மகள் பரீட்சை எழுதுகிறாள் என்பதெல்லாம் தானாகத் தெரிந்துவிடும். பிறகு வீட்டுக்கு வீடு குழாய் வந்தது. தார்ச்சாலை வந்தது. நிழல்மரங்கள் வளர்ந்தன. முட்டளவு இருந்த சுவர்கள் இடுப்பளவாகி, தோளளவாகி, ஆறடியில் போய் நின்றன. மேலே கண்ணாடித் துண்டு பதித்தார்கள். ஒருநாள் கழிவுநீர் வழிந்ததற்காக இரண்டு வீட்டுக்காரர்கள் நடுத்தெருவில் அடித்துக்கொண்டு, ஒருவருக்கு ஏழு தையல் போட்டார்கள். அதன்பிறகுதான் செயலாளர் இந்தப் பெட்டியைக் கண்டுபிடித்தார். பதினோரு வருடமாகத் தெருவில் ஒரு குரல் உயர்ந்ததில்லை. வாடகைக்கு வீடு தேடி வருகிறவர்கள் முதலில் சொல்வதே, "இங்க எவ்வளவு அமைதியா இருக்கு!" என்பதுதான். அதைக் கேட்கும்போதெல்லாம் செயலாளருக்குத் தன் பிள்ளையைப் பாராட்டினாற்போல இருக்கும்.

கடிதம் ஏற்கெனவே தட்டச்சு செய்து வைத்ததுதான். எண்ணையும் தேதியையும் நிரப்பினால் போதும். இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். மருந்துக்கடைக்காரர் பேனாவை மூடிவிட்டு, "இன்னிக்கு ராத்திரி சாப்பாடு இறங்காது எனக்கு," என்றார்.

"விதி எல்லாருக்கும் ஒண்ணுதான்," என்றார் செயலாளர்.

கடிதத்தை யார் கையிலும் கொடுக்கும் வழக்கமில்லை. கதவுக்கு அடியில் தள்ளிவிடுவார்கள். பதினேழாம் எண்ணின் பக்கவாட்டில் பின்வீட்டுக்குப் போகிற சந்துக்குத் தனியாக ஓர் இரும்புக் கதவு உண்டு. செயலாளர் குனிந்து கடிதத்தை உள்ளே தள்ளினார். இடுக்கு வழியாகச் சந்துத் தரை தெரிந்தது. தையலம்மா தினமும் காலையில் பெருக்கித் தண்ணீர் தெளிக்கிற சந்து அது. இப்போது மஞ்சள் இலைகள் குவிந்து கிடந்தன.

இதற்கும் ஒரு சீட்டு வரும் என்று நினைத்துக்கொண்டே அவர் நிமிர்ந்து, எதிர்வரிசையில் பதினெட்டாம் எண்ணான தன் வீட்டுக்குப் போனார்.

ஐந்தரைக்கு மனைவி தேநீர் கொண்டுவந்து வைத்தாள். அவர் பதிவேட்டைத் திறந்து சீட்டுகளை முழுவதாக நகல் எடுத்துக்கொண்டிருந்தார். அவள் போகவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்னங்க, பெட்டி திறந்தாச்சா?"

"ஆச்சு."

"எல்லாத்தையும் படிச்சீங்களா?"

"படிச்சுட்டுதான இருக்கேன். சங்க விஷயம் வீட்டுக்குள்ள வேண்டாம்னு எத்தனை தடவை சொல்றது?"

அவள் நகரவில்லை.

அவர் அடுத்த தாளை எடுத்தார். நாள்காட்டியிலிருந்து கிழித்த தாளின் பின்பக்கம். 'பதினேழு, பின்வீடு, தையல் மிஷின் சத்தம்' என்று முதல் வரி. அதைப் பதிவேட்டில் எழுதினார். இரண்டாவது வரியை எழுத ஆரம்பித்தவரின் பேனா நடுவில் நின்றுவிட்டது.

'செவ்வாய் மத்தியானத்திலிருந்து கேட்கவில்லை. சாயங்காலம் விளக்கும் எரியவில்லை. அந்த அம்மாவுக்கு உடம்பு என்னவோ தெரியவில்லை. தயவுசெய்து யாராவது போய்ப் பார்க்கவும்.'

தேதி, புதன்கிழமை.

அவர் தாளைத் திருப்பினார். செவ்வாய்க்கிழமை நாள்காட்டித் தாள். ஓரத்தில் அவருடைய கையெழுத்திலேயே, 'கண்ணாடிக் கடை, 11 மணி' என்று இருந்தது.

"இது நம்ம வீட்டுத் தாள்."

"ஆமா."

"நீயா போட்ட?"

"புதன்கிழமை சாப்பிடும்போது சொல்ல வந்தேன். பதினேழாம் நம்பர்னு வாயெடுத்ததும், பெட்டியில போடுன்னு சொல்லிட்டீங்க." "போட்டேன்."

அவருக்கு அது நினைவிருந்தது. நிமிராமலே சொல்லியிருந்தார்.

"நீயே போய்ப் பார்த்திருக்கலாமே?"

"எந்த முகத்தோட போறது? அவங்களைப் பத்தி முதல் சீட்டுப் போட்டதே நான்தான். மத்தியானம் கண்ணை மூடிக் கும்பிட உட்கார்ந்தா டடடடன்னு கேட்குதுன்னு எழுதினேன். நீங்க நோட்டீஸ் போட்டீங்க. அதுக்கப்புறம் தெருவுல பார்த்தா அவங்க சிரிப்பாங்க, எனக்குக் கண்ணைத் தூக்க முடியாது. சனிக்கிழமை நீங்க படிச்சுட்டுப் போவீங்கன்னு..." அவள் முடிக்கவில்லை.

செயலாளர் இரண்டாவது சீட்டை எடுத்தார். வெள்ளிக்கிழமைத் தேதி. வேறு கையெழுத்து.

'பதினேழு, பின்வீடு, சத்தம். மிஷின் நின்றுவிட்டது, நன்றி. ஆனால் மூன்று நாளாக இரும்பை இரும்பால் தட்டும் சத்தம். மூன்று தட்டு, கொஞ்சம் இடைவெளி, மறுபடி மூன்று தட்டு. பகல் முழுவதும். நடவடிக்கை எடுக்கவும்.'

அவர் எழுந்தார். பதிவேட்டின்மேல் தேநீர் கவிழ்ந்ததைக்கூடப் பார்க்கவில்லை.

இருவரும் தெருவைக் கடந்தபோது வெயில் மரங்களின் உச்சிக்குப் போயிருந்தது. இரும்புக் கதவை அவர் தள்ளினார். உள்ளே தாழ் போட்டிருந்தது. தட்டினார். மேலும் பலமாகத் தட்டினார். பதினோரு வருடத்தில் அந்தத் தெருவில் கேட்ட முதல் பெரிய சத்தம் அதுதான்.

"போன் நம்பர் இருக்கா உன்கிட்ட?"

"இல்லீங்க. உங்ககிட்ட?"

அவரிடம் நாற்பது வீட்டின் மனை அளவு இருந்தது. குழாய் இணைப்பு எண் இருந்தது. எதிர்வீட்டில் பின்னறையில் இருப்பவளின் தொலைபேசி எண் இல்லை.

கூப்பிட வேண்டும் என்று வாயைத் திறந்தார். குரல் வரவில்லை. பழக்கம் விட்டுப் போயிருந்தது. அவர் மனைவிதான் முதலில் கத்தினாள்.

"தையலம்மா! ஏ தையலம்மா! உள்ள இருக்கீங்களா?"

அந்தக் குரல் தெருமுனைவரை போனது. ஒரு சன்னல் திறந்தது. எங்கோ நாய் குரைத்தது. பின்வீட்டிலிருந்து ஒன்றும் வரவில்லை.

பக்கத்தில் பதினைந்தாம் எண் வீட்டுக் கதவு திறந்தது. தனியாக இருக்கிற இளைஞன், தொழிற்சாலையில் இரவு வேலை பார்ப்பவன். வேலைக்குக் கிளம்பும் சட்டையின் பொத்தானைப் போட்டபடியே வந்தான்.

"என்ன சார் ஆச்சு?"

"தம்பி, வெள்ளிக்கிழமை சீட்டு நீதானே போட்ட?"

அவன் திகைத்தான். பெட்டியில் போட்டது யார் என்று யாரும் கேட்கக் கூடாது என்பதும் விதி. "ஆமா சார். ஆனா இப்ப ஒண்ணும் இல்ல. நேத்து சாயங்காலத்தோட அந்தத் தட்டுற சத்தமும் நின்னுடுச்சு. பெட்டி திறக்கிறதுக்கு முன்னாடியே அவங்களே நிறுத்திட்டாங்கன்னு நினைச்சேன். இன்னிக்கு நிம்மதியாத் தூங்கினேன்."

சொன்னது தன் காதிலேயே விழுந்ததும் அவன் முகம் வெளுத்தது.

"ஐயோ," என்றான். "கூப்பிட்டிருக்காங்களா? அது கூப்பிட்டதா சார்?"

"ஏணி இருக்கா உன்கிட்ட?"

அவன் உள்ளே ஓடினான். செயலாளரின் மனைவி தன் வீட்டுக்கு ஓடினாள். சுவரில் பதித்த கண்ணாடித் துண்டுகள் மாலை வெளிச்சத்தில் மின்னின. அதைப் பதிக்கச் சொல்லித் தீர்மானம் எழுதியவர் செயலாளர். பதிக்கிற அன்று தானே நின்று பார்த்தவர். ஏணி வந்தது. மனைவி கட்டில் விரிப்பையும் கால்மிதியடிகள் நான்கையும் சுருட்டிக்கொண்டு வந்தாள். இளைஞன் அவற்றைக் கண்ணாடிமேல் போட்டு அழுத்தி ஏறினான். ஒரு காலை அந்தப் பக்கம் வைக்கும்போது ஏதோ கிழிந்தது. துணியா சதையா என்று தெரியவில்லை. தொப்பென்று குதித்தான். தாழ் திறந்தது.

அதற்குள் மருந்துக்கடைக்காரர் செருப்பில்லாமல் வந்து சேர்ந்திருந்தார். கத்தல் அவருக்கு ஆறு வீடு தள்ளிக் கேட்டிருந்தது. "ஆம்புலன்சுக்குச் சொல்லிட்டேன்," என்றார். "எதுக்குன்னு தெரியாமலே சொல்லிட்டேன். உங்க வீட்டம்மா கத்தின கத்தலுக்கு அது தேவைப்படும்னு தோணுச்சு."

சந்தில் இலைகள் நொறுங்கின. பின்வீட்டின் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. ஒரே ஒரு சன்னல். அதன் உள்பக்கம் தடித்த மெத்தை விரிப்பு ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு மூலை மட்டும் ஆணியில் நிற்க, மறுமூலை சரிந்திருந்தது. அந்த இடைவெளியில் இருட்டுதான் தெரிந்தது.

"எதுக்கு இது?" என்றான் இளைஞன்.

செயலாளருக்குப் புரிந்தது. அவர் அனுப்பிய இரண்டாவது கடிதத்தின் கடைசி வரி அவருக்கு மனப்பாடம். 'ஒலி வெளியே வராதிருக்கத் தக்க ஏற்பாடு செய்துகொள்ளவும்.'

இளைஞன் கதவில் தோளால் மோதினான். ஒருமுறை. இருமுறை. பழைய மரம். தாழ்ப்பாள் பிய்ந்துகொள்ள மறுத்தது. செயலாளரும் தோளைக் கொடுத்தார். அறுபத்தெட்டு வயதுத் தோள். கடவுளே, அந்தக் கை இன்னும் ஒருமுறை தட்டட்டும், எவ்வளவு சத்தமாக வேண்டுமானாலும் தட்டட்டும் என்று அவர் உள்ளுக்குள் சொல்லிக்கொண்டிருந்தார். சத்தம் வேண்டும் என்று வாழ்க்கையில் அவர் வேண்டிக்கொண்டது அதுதான் முதல்முறை.

நான்காவது மோதலில் கதவு திறந்தது.

நாற்றம் முதலில் வந்தது. பிறகு கண் பழகியது. சுவரோரம் தைத்து முடித்த நீலச் சட்டைகள் வரிசையாக அடுக்கியிருந்தன. மிஷினின் கால்களுக்கு அடியில் நாலாய் மடித்த கம்பளி. சுவரில் பாதி வரைக்கும் அட்டைகள் ஒட்டியிருந்தன. தரையில் ஒரு முக்காலி கவிழ்ந்து கிடந்தது. அதற்குப் பக்கத்தில், மிஷினின் இரும்புக் காலை ஒட்டி, ஒருக்களித்தபடி தையலம்மா கிடந்தாள். வலது கையில் பெரிய கத்தரிக்கோல். விரல்கள் அதன் வளையத்துக்குள் அப்படியே இருந்தன.

மருந்துக்கடைக்காரர் மண்டியிட்டு அவள் கழுத்தில் விரல் வைத்தார். அவர் விரலை எடுக்கவில்லை. இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்தார்.

"சார்?" என்றார் செயலாளர்.

"சும்மா இருங்க."

பக்கத்தில் இஸ்திரி போடும்போது தண்ணீர் தெளிக்கிற பிளாஸ்டிக் கேன் ஒன்று சாய்ந்து கிடந்தது. அடியில் ஒரு விரற்கடை தண்ணீர் இருந்தது.

"இருக்கு," என்றார் மருந்துக்கடைக்காரர். "மெதுவா இருக்கு. ஆனா இருக்கு. யாரும் தூக்காதீங்க, இடுப்பு உடைஞ்சிருக்கும். இந்தத் தண்ணிதான் இவங்களைக் காப்பாத்தியிருக்கு. ஒரு துணியை நனைச்சு உதட்டுல வைங்க."

செயலாளரின் மனைவி தரையில் உட்கார்ந்து தையலம்மாவின் தலையை நகர்த்தாமல், நனைத்த துணியை உதட்டில் ஒற்றினாள். ஒருமுறை. பல முறை. அவள் கண்ணீர் தையலம்மாவின் நெற்றியில் விழுந்துகொண்டிருந்தது. அவள் துடைக்கவில்லை.

உதடு அசைந்தது. கண் பாதி திறந்தது. வாசலில் நிற்கிறவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தது. செயலாளரிடம் வந்ததும் நின்றது.

"சார்," என்றாள். காற்றாகத்தான் வந்தது. "ரொம்பத் தட்டிட்டேன். தொந்தரவா... இருந்திருக்கும்."

இளைஞன் அறையை விட்டு வெளியே போய்ச் சுவரில் தலையை வைத்து நின்றுவிட்டான். அவன் முழங்காலில் ரத்தம் ஒழுகிக்கொண்டிருந்தது.

செயலாளர் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். என்ன சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. முப்பத்து நான்கு வருடம் எழுதிய கடிதங்களில் எதிலும் அதற்கான வாசகம் இல்லை. கத்தரிக்கோலின் வளையத்திலிருந்து அவள் விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்தார். விரலெல்லாம் கன்றிப் போயிருந்தன. "தட்டினது கேட்டுதும்மா," என்றார் கடைசியில். "எங்களுக்குத்தான் வரத் தெரியலை."

ஆம்புலன்ஸ் வந்தது, ஆனால் தெருவுக்குள் வரவில்லை. வெளிவண்டிகள் குறுக்கே போகாமலிருக்கச் சங்கம் தெருமுனையில் பெரிய சிமெண்டுத் தொட்டிகளில் செடி வைத்திருந்தது. அதற்கப்பால் ஒலிப்பான் அலறிக்கொண்டே நின்றது. அன்றுதான் நாற்பது வீட்டின் கதவுகளும் ஒரே நேரத்தில் திறந்தன. நைட்டி மேல் துண்டு போட்டவர்கள், கையில் சாப்பாட்டோடு வந்தவர்கள், ஒருவரையொருவர் பல வருடமாக முகம் பார்க்காதவர்கள். ஏழு தையல் போட்டுக்கொண்டவரும், போட வைத்தவரும் ஒரே தொட்டியின் இரண்டு பக்கம் பிடித்தார்கள்.

"தள்ளுங்க சார், உங்க பக்கம் கனம் இல்ல!"

"யோவ், கனத்தைப் பூரா நான்தான் தூக்குறேன், நீ செடியைத் தடவிக்கிட்டு இருக்க!"

தொட்டி உருண்டது. வண்டி உள்ளே வந்தது.

தையலம்மாவைத் தூக்கிப் போனபிறகு செயலாளர் சந்தில் குனிந்து, ஒன்றரை மணி நேரத்துக்கு முன்னால் தான் தள்ளிய கடிதத்தை எடுத்தார். அதன்மேல் யாருடைய செருப்புத் தடமோ பதிந்திருந்தது. மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வண்டியில் அவர் மனைவி ஏறிவிட்டிருந்தாள். யார் என்று கேட்டவர்களிடம், "அக்கா," என்று சொன்னாளாம்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் விரிப்பின் இரண்டாவது ஆணியை அடிக்கும்போது முக்காலி வழுக்கியது என்று தையலம்மா பிறகு சொன்னாள். தொலைபேசி உயரத் தட்டில் இருந்தது. அது அடித்து அடித்து மறுநாள் சார்ஜ் தீர்ந்து அணைந்துபோனது. முதலில் கத்திப் பார்த்தாள். குரல் கட்டிவிட்டது. அப்புறம்தான் கத்தரிக்கோல். இதையெல்லாம் யாரையும் குற்றம் சொல்கிற மாதிரி அவள் சொல்லவில்லை. "நானே ஒழுங்கா நாற்காலி போட்டிருக்கணும்," என்றாள். அதைக் கேட்டுக்கொண்டிருப்பதுதான் செயலாளருக்கு எந்தத் திட்டை விடவும் கடினமாக இருந்தது.

அறுவை முடிந்து ஆறு வாரம் அவள் பதினெட்டாம் எண் வீட்டின் முன்னறையில் இருந்தாள். வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னாள். செயலாளரின் மனைவி கேட்கவில்லை. முதல் நாள் ராத்திரி அவள் காலடியில் உட்கார்ந்து, "முதல் சீட்டு நான் போட்டது," என்று மட்டும் சொன்னாள். "தெரியும் அக்கா," என்றாள் தையலம்மா. "நாள்காட்டித் தாள்ல எழுதுறது இந்தத் தெருவுல நீங்க ஒருத்தர்தான். போன வருஷம் எனக்குத் தலையணை உறைக்கு அளவு எழுதிக் குடுத்தீங்களே, மறந்துட்டீங்களா? நோட்டீசோட சீட்டையும் சேர்த்து அனுப்பியிருந்தார் சார்."

தெரிந்தேதான் இத்தனை நாளும் தெருவில் பார்த்தால் சிரித்திருக்கிறாள்.

பெட்டி இன்னும் அதே தூணில்தான் இருக்கிறது. மூன்றாவது வரியைச் செயலாளர் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிளேடால் சுரண்டி எடுத்துவிட்டார். சரியாகப் போகவில்லை, இப்போதும் கூர்ந்து பார்த்தால் தெரியும். பதினைந்தாம் எண் இளைஞன், மிஷின் ஓடினாலும் பகலில் தூங்கலாம் என்று, தன் கட்டிலை முன்னறைக்கு மாற்றிக்கொண்டான். தையலம்மா ஊன்றுகோலோடு பின்வீட்டுக்குத் திரும்பிய அன்று மருந்துக்கடைக்காரர் மிஷினுக்கு அடியில் போடத் தடித்த ரப்பர் விரிப்பு கொண்டுவந்தார். சுவரில் ஒட்டியிருந்த அட்டைகளை எல்லாரும் சேர்ந்து பிய்த்துப் போட்டார்கள். சன்னலில் ஒன்றும் தொங்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

காலை பத்து மணிக்கு மிஷின் ஓட ஆரம்பிக்கும். அது தெருவுக்குக் கடிகாரம் மாதிரி ஆகிவிட்டது.

ஒரு வியாழக்கிழமை பத்து அடித்தது. சத்தம் இல்லை. செயலாளர் செய்தித்தாளைக் கீழே வைத்தார். பத்து ஐந்து. சமையலறையில் பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றது. அவர் மனைவியும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். பத்து எட்டு. அவர் எழுந்தார். செருப்பைத் தேடினார். கிடைக்கவில்லை. வேண்டாம் என்று ஓடினார். ஈரக் கையோடு மனைவியும் பின்னாலேயே ஓடினாள்.

தெருவின் நடுவில் இளைஞன் எதிரே வந்தான். தூக்கம் கலைந்த கண், ஒரு காலில் மட்டும் செருப்பு. "சார், சத்தமே வரல!"

"எனக்கும் கேட்கலை!"

மருந்துக்கடைக்காரர் ஆறு வீடு தள்ளியிருந்து வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்துகொண்டிருந்தார். சந்துக் கதவுக்கு இப்போது தாழ் இல்லை. நான்கு பேரும் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு பின்வீட்டு வாசலில் போய் விழாத குறையாக நின்றார்கள்.

தையலம்மா மிஷினுக்கு முன்னால் உட்கார்ந்து, ஊசியின் காதை வெளிச்சத்தில் காட்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். மூச்சு வாங்க நிற்கிறவர்களைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஊசி உடைஞ்சு போச்சு. புதுசு மாத்தினேன், நூல் கோக்க வரலை. என்ன எல்லாரும்?"

மருந்துக்கடைக்காரர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு மூச்சை அடக்கினார்.

"புகார் குடுக்க வந்தோம்," என்றார். "சத்தம் வரலை."

செயலாளரின் மனைவி உள்ளே போய் நூலை வாங்கி, நுனியை உதட்டில் ஈரப்படுத்தி, ஒரே முயற்சியில் கோத்துக் கொடுத்தாள். மிஷின் டடடடவென்று ஓட ஆரம்பித்தது. ஒரு நீலச் சட்டையின் கை தைத்து முடியும்வரை வாசலில் நின்ற மூவரும் அங்கேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.